மெஷின் ஓடுகிறது, காம்பு என்ன சொல்கிறது?

ஆனேக்கல் பக்கம் 14 எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடுகள் வைத்திருக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது. இரண்டு வருடம் முன்பு பால் கறக்கும் மெஷின் ஒன்று, சக்கரம் வைத்த கேன் மெஷின், வாங்கியிருக்கிறார். ஒரே கிளஸ்டர், அதாவது நான்கு காம்பிலும் மாட்டும் கப்களின் செட் ஒன்றுதான். கறப்பது பீகாரிலிருந்து வந்த பையன். கடந்த நான்கு மாதத்தில் மூன்று மாடுகளுக்கு மடிநோய், அதில் இரண்டுக்கு வலது பின் காம்பில். டாக்டர் ஊசி போட்டால் அடங்குகிறது, கொஞ்ச நாளில் திரும்ப வருகிறது. பால் சொசைட்டியில் இரண்டு முறை பாலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது அண்ணா, வேக்குவம் கேஜ் முள் அசையாமல் 45-லேயே நிற்கிறது. லைனர்கூட போன வருடம்தான் மாற்றினேன். இதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையால் கறக்கலாமா?" என்று கேட்கிறார்.

தூக்கிப் போட வேண்டாம் தம்பி. கையால் கறந்தாலும் மடிநோய் வரும். கட்டைவிரலை மடக்கிவைத்து இழுக்கிற கையாக இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். அத்திப்பள்ளி, ஹொஸ்கோட்டே, தேவனஹள்ளி என்று பெங்களூரைச் சுற்றி மெஷின் சர்வீஸ் பார்க்கிறவன் நான். "நன்றாகத்தான் ஓடுகிறது" என்று சொல்லப்படும் மெஷின்தான் மாட்டுக்கு அதிகக் கெடுதல் செய்கிறது என்பது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது. மோட்டார் நின்றுவிட்டால் அன்றைக்கே மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். கப்புக்குள் காம்பைப் பிடிக்கும் ரப்பரான லைனர் தளர்ந்தாலும், அதை விரித்து மூடவைக்கும் பல்சேட்டர் பிசகினாலும் மோட்டார் நிற்காது, பாலும் வந்துகொண்டேதான் இருக்கும். காம்புக்கு மட்டும் தினம் இரண்டு வேளை சேதம். உங்கள் கேள்வியிலேயே மூன்று தடயங்கள் இருக்கின்றன: போன வருடம் மாற்றிய லைனர், அசையாத முள், இரண்டு மாடுகளுக்கும் ஒரே காம்பு. அவற்றிலிருந்தே போகலாம்.

லைனரை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் லைனருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் 2,500 கறவை அல்லது ஆறு மாதம், இதில் எது முதலில் வருகிறதோ அது. நம் ஆட்கள் பலர் ஆறு மாதத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், சிலர் அதையும் ஒரு வருடமாக நீட்டிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 மாடு, இரண்டு வேளை, ஒரே கிளஸ்டர் என்றால் ஒரு நாளைக்கு 28 கறவை. 2,500-ஐ 28-ஆல் வகுத்தால் 89 நாள். உங்களுக்கு லைனரின் ஆயுள் மூன்றே மாதம். ஒரு வருடம் ஓட்டியிருந்தால் 10,000 கறவையைத் தாண்டியிருக்கும், அதாவது நான்கு மடங்கு. இதுவே இரண்டு கிளஸ்டர் இருந்தால் கிளஸ்டருக்குப் பாதியாகப் பிரிந்து ஆறு மாதம் வரும். அதனால் பக்கத்துப் பண்ணைக்காரர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார் என்று கேட்டுப் பயனில்லை. உங்கள் மாட்டுக் கணக்கை வைத்து நீங்கள்தான் தேதி குறிக்க வேண்டும். சிலிகான் லைனர் ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைக்கும், ஆனால் சீக்கிரம் கிழிபடும். நிறுவனம் சொல்லும் எண்ணிக்கையைப் பெட்டியிலேயே பாருங்கள்.

பழைய லைனர் கிழியாமல்தானே இருக்கிறது, அதில் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். ரப்பர் பாலின் கொழுப்பை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச ஊதி, இழுவிசை குறைந்து, தொளதொளத்துப் போகும். விரியும்போது சரியாக விரியாது, மூடும்போது சரியாக மூடாது. உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். அதற்குள் பாலும் கிருமியும் போய் உட்கார்ந்தால் எந்தப் பிரஷ்ஷும் எந்த மருந்துத் தண்ணீரும் அங்கே எட்டாது. ஆக ஒரே லைனர் மாட்டுக்கு மடிநோயையும் கொடுக்கும், சொசைட்டியில் பாலையும் கெடுக்கும். லைனரைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தாலோ, விரலில் கறுப்பு மை மாதிரி ஒட்டினாலோ, வாய் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் கோணியிருந்தாலோ அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது. மாற்றும்போது நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் நான்கு காம்பும் நான்கு விதமாகக் கறக்கும். கப்புக்குள் முறுக்கிக்கொள்ளாமல் மாட்ட வேண்டும். மேலும் கீழும் இருக்கும் குறிகள் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். கழுவிய ரப்பரை வெயிலில் காயப்போடும் பழக்கம் நம் பக்கம் நிறைய. அதை விட்டுவிடுங்கள், வெயில் ரப்பரைத் தின்றுவிடும். நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் போதும்.

இன்னொன்று. பம்புக்கு வி-பெல்ட், பேரிங் வேண்டுமென்றால் ஜே.சி. ரோடு, எஸ்.பி. ரோடு போய் வாங்கிக்கொள்ளலாம், தவறில்லை. லைனரை மட்டும் உங்கள் கப்பின் அளவுக்கு, உங்கள் மெஷின் நிறுவனத்தின் டீலரிடமே வாங்குங்கள். "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று விற்கப்படும் லைனர் கப்பில் மாட்டிக்கொள்ளும், ஆனால் அதன் இழுவிசை வேறு, வாயின் அகலம் வேறு.

இப்போது வலது பின் காம்பு. ஸ்டீல் கப்புக்கும் லைனருக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. பல்சேட்டர் அந்த இடைவெளிக்கு வேக்குவத்தையும் (உறிஞ்சும் இழுப்பு) வெளிக்காற்றையும் மாற்றி மாற்றி அனுப்புகிறது. வேக்குவம் வரும்போது லைனர் விரிந்து பால் இறங்கும். காற்று வரும்போது லைனர் மூடிக்கொண்டு காம்பை அமுக்கிவிடும். லைனரின் உள்ளே உறிஞ்சுதல் நிற்பதே இல்லை என்பதால், இந்த அமுக்கல்தான், அதாவது மசாஜ்தான், காம்புக்குக் கிடைக்கும் ஓய்வு. அது இல்லாவிட்டால் ரத்தமும் நீரும் காம்பின் நுனியில் தேங்கி, நுனி வீங்கி, துளை சரியாக மூடாது. கிருமிக்கு வாசல் திறந்தாகிவிட்டது.

கறக்கிற பையன் கிளஸ்டரை எப்போதும் ஒரே மாதிரிதான் பிடிப்பான், அதனால் ஒரு குறிப்பிட்ட கப் எல்லா மாடுகளிலும் ஒரே காம்பில்தான் போய் உட்காரும். இரண்டு மாடுகளுக்கும் வலது பின் காம்பு என்றதும் நான் அந்த ஒரு கப்பைத்தான் சந்தேகப்படுவேன். அதன் லைனரையும், கப்பின் பக்கவாட்டில் மாட்டியிருக்கும் குட்டிக் காற்று டியூபையும் கழற்றிப் பாருங்கள். அந்த டியூபை இரண்டு கையாலும் வளைத்து, அது மாட்டியிருக்கும் நிப்பிளுக்குப் பக்கத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சும்மா பார்த்தால் தெரியாது, வளைத்தால்தான் வாய் திறக்கும். வெடித்திருந்தால் லைனர் முழுதாக விரியாது. மடிந்தோ அடைத்தோ இருந்தால் மசாஜ் நின்றுபோகும். டியூபுக்குள் பால் துளி தெரிந்தால் லைனரே கிழிந்திருக்கிறது என்று அர்த்தம், அந்தப் பால் பல்சேட்டர் வரை போய் அதையும் கெடுக்கும். மூன்றாவது மாட்டுக்கு எந்தக் காம்பு என்று நீங்கள் சொல்லவில்லை. இனிமேல் எந்த மாடு, எந்தக் காம்பு, எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நோய் எல்லாக் காம்புகளிலும் சிதறி வந்தால் பல்சேட்டர், வேக்குவம், தரை, கை இவற்றைத் தேட வேண்டும். ஒரே காம்பில் வந்தால் ஒரு கப்பில் தேட வேண்டும்.

முள் அசையாமல் 45-ல் நிற்கிறது என்றீர்கள். நல்ல மெஷினிலும் கப்பை மாட்டும்போது, கழற்றும்போது முள் கொஞ்சமாவது ஆடும். ஆடவே இல்லை என்றால் கேஜ் செத்திருக்கலாம். மோட்டாரை நிறுத்தி, ஒரு கப்பைத் திறந்துவிட்டு, முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அந்த கேஜ் சொல்வதை நம்பி நீங்கள் எதையும் முடிவு செய்ய முடியாது. ஜே.சி. ரோட்டில் கார் இன்ஜின் வேக்குவம் பார்க்கும் கேஜ் கிடைக்கும், அதை ஒரு டி-ஜாயின்ட் போட்டு மாட்டி ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதில் பாதரச அங்குலக் கணக்கு இருக்கும். கேன் மெஷினுக்கு 13 முதல் 15 அங்குலம், அதாவது ஏறக்குறைய 44 முதல் 50 கிலோபாஸ்கல் வரை சரி. உங்கள் மெஷினுக்கு எவ்வளவு என்று அதன் புத்தகத்தில் இருக்கும், அதைத் தாண்டி ஏற்றவே கூடாது. சீக்கிரம் கறந்து முடிக்க வேண்டும் என்று, வேக்குவத்தை அளவாக வைக்கும் ரெகுலேட்டரைத் திருகி ஏற்றிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பால் கொஞ்சம் வேகமாக வரும், உண்மைதான். காம்பு நுனி அதைவிட வேகமாகக் கெடும்.

வேக்குவம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, நிலையாகவும் இருக்க வேண்டும். மெஷின் ஓடும்போது ஒரு கப்பை ஐந்து விநாடி காற்றில் திறந்துவிட்டு மூடுங்கள். இறங்கிய முள் இரண்டு மூன்று விநாடிக்குள் பழைய இடத்துக்கு வர வேண்டும். தவழ்ந்து தவழ்ந்து ஏறினால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது பம்பு தேய்ந்துவிட்டது, அல்லது பெல்ட் வழுக்குகிறது. பெங்களூருக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. நாம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறோம், இங்கே காற்றின் அழுத்தம் குறைவு. அதே வேக்குவத்தை அதே நிலையில் பிடித்து நிறுத்த, சென்னையில் தேவைப்படுவதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதல் திறன் பம்புக்கு வேண்டும். கீழே சமவெளியில் கச்சிதமாக ஓடிய பம்பு இங்கே மூச்சு வாங்குவதற்கு இதுதான் காரணம். செகண்ட்ஹேண்டில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து மெஷின் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ரெகுலேட்டரின் பில்டர் கொட்டகைத் தூசியிலும் தவிட்டுப் பொடியிலும் அடைத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை கழற்றி ஊதிச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் பம்பு என்றால் எண்ணெய் மட்டத்தைத் தினமும் பாருங்கள், நிறுவனம் சொல்லும் எண்ணெயையே ஊற்றுங்கள், பழைய இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். பெல்ட்டை நடுவில் அமுக்கினால் அரை அங்குலம் போல இறங்கலாம், அதற்கு மேல் தொய்வு கூடாது. த்ரீ-பேஸ் மோட்டார் வைத்திருப்பவர்கள், லைன் வேலை நடந்து கரன்ட் திரும்ப வந்த பிறகு பம்பு சரியான திசையில் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டே கறவையைத் தொடங்க வேண்டும்.

பல்சேட்டரைக் காதால் எண்ணலாம். ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள், 60 அல்லது அதற்கு ஒன்றிரண்டு கூடக்குறைய வர வேண்டும். அப்புறம் ஒவ்வொரு கப்பிலும் கட்டைவிரலை விட்டுப் பாருங்கள், மற்ற மூன்று கப்பையும் மடக்கி மூடிக்கொள்ளுங்கள். விரலை நன்றாகப் பிடித்து, நன்றாக விட வேண்டும். நான்கிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் பிடி மந்தமாக இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் விஷயத்தில் அது வலது பின் கப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் ஒன்று, எண்ணிக்கை 60 இருந்துவிட்டால் பல்சேட்டர் சரி என்று ஆகிவிடாது. ஒரு சுற்றில் பால் இறங்கும் நேரம் 60, மசாஜ் நேரம் 40 என்பதுபோல ஒரு விகிதம் இருக்கிறது. அது 75-க்கு 25 என்று சாய்ந்துவிட்டாலும் டிக் டிக் சத்தம் அதேபோலத்தான் கேட்கும். இதை விரலாலும் காதாலும் கண்டுபிடிக்க முடியாது, அளக்கும் கருவி வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தக் கருவி வைத்திருக்கும் சர்வீஸ்காரரை வரவழையுங்கள். கருவி இல்லாமல் வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு "எல்லாம் ஓகே" என்று சொல்பவருக்குக் கொடுக்கும் பணம் வீண். பல்சேட்டருக்கு நீங்களாக எண்ணெய் விடாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு கெட்டுவிடும்.

கிளஸ்டரின் நடுவில் நான்கு குழாயும் சேரும் இடத்தில், அதாவது கிளாவில், ஊசிமுனை அளவுக்கு ஒரு காற்றுத் துளை இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. அந்தத் துளி காற்றுதான் பாலை டியூபுக்குள் நகர்த்திக்கொண்டு போகிறது. அது அடைத்தால் பால் கிளாவிலேயே தேங்கி, வேக்குவம் தள்ளாடி, ஒரு காம்பின் பால் இன்னொரு காம்பை நனைக்கும். அடைப்பை எடுக்கக் கம்பியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகி வேறு தொல்லை. மெஷினோடு வந்த மெல்லிய ஊசியால் மட்டும் எடுங்கள். இதே ஆபத்து கப் வழுக்கும்போதும் உண்டு. கறக்கும்போது கிறீச்சென்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கிறதே, அப்போது உள்ளே நுழையும் காற்று பால் துளிகளைப் பின்னோக்கி வீசி மற்றக் காம்புகளின் துளையில் அடிக்கும். அந்தத் துளியில் கிருமி இருந்தால் நேராகக் காம்புக்குள் போய்விடும். ஈரமான காம்பில் மாட்டினால் வழுக்கும், லைனர் தளர்ந்தால் வழுக்கும், கிளஸ்டர் ஒரு பக்கமாக இழுபட்டுத் தொங்கினாலும் வழுக்கும்.

நான் எந்தக் கொட்டகைக்குப் போனாலும் மெஷினுக்கு முன்னால் மாட்டின் காம்பைத்தான் பார்ப்பேன். உங்களுக்கும் இதைத்தான் முதலில் பழகச் சொல்கிறேன். கப்பைக் கழற்றிய உடனே, அரை நிமிடத்துக்குள் பாருங்கள். நல்ல மெஷினிலிருந்து வந்த காம்பு மாட்டுவதற்கு முன் இருந்த நிறத்திலேயே, மெத்தென்று இருக்கும். நீலம் பாய்ந்தோ சிவந்தோ இருந்தால், நுனி கல் மாதிரி இருந்தால், தட்டையாக நசுங்கியிருந்தால் வேக்குவம் அதிகம் அல்லது மசாஜ் இல்லை அல்லது கறந்த நேரம் அதிகம். மடியோடு சேரும் இடத்தில் வளையம் மாதிரித் தடம் விழுந்திருந்தால் கப் மேலே ஏறிப்போய்ப் பிடித்திருக்கிறது, பெரும்பாலும் பால் தீர்ந்த பிறகும் விட்டிருக்கிறார்கள். இவை ஒரே கறவையில் தெரிகிற மாற்றங்கள். காம்பு நுனியில் துளையைச் சுற்றி வெள்ளையாகத் தடித்து, சொரசொரப்பாகப் பூ மாதிரி விரிந்திருந்தால் அது பல வாரங்களாக நடந்துவரும் கெடுதல். அந்தச் சொரசொரப்பில் கிருமி தங்கும், எத்தனை துடைத்தாலும் போகாது. 14 மாடுகளில் எத்தனைக்கு அப்படி இருக்கிறது என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு என்றால் அந்த மாட்டின் வாகு. நான்கைந்து என்றால் மெஷின் அல்லது கறக்கும் முறை.

கறக்கும் முறை என்றதும் அந்தப் பையனைத் திட்டப் போகாதீர்கள். அவனுக்கு யாரும் சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். மெஷின் விற்க வந்தவர் கன்னடத்திலோ இங்கிலீஷிலோ அரை மணி நேரம் சொல்லிவிட்டுப் போயிருப்பார், அதுவும் உங்களிடம். அவனுக்கு இந்தியில் சொல்லுங்கள், ஒருமுறை செய்துகாட்டுங்கள், சுவரில் படமாக வரைந்து ஒட்டுங்கள். முக்கியமாக மூன்று விஷயங்கள். காம்பைத் துடைத்து, முதலில் வரும் பாலை இரண்டு மூன்று முறை கறுப்புத் தட்டில் பீய்ச்சி, திரி (திரிந்த பால் கட்டி) இருக்கிறதா என்று பார்த்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் கப்பை மாட்ட வேண்டும். துணி மாட்டுக்கு ஒன்று, ஒரே துணியால் 14 மாடுகளைத் துடைத்தால் நோயை நாமே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும். மடி முழுவதையும் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டியதில்லை, அந்த அழுக்குத் தண்ணீர் வழிந்து காம்பு நுனிக்குத்தான் வரும். இரண்டாவது, பால் தீர்ந்ததும் எடுத்துவிட வேண்டும். கடைசிச் சொட்டுக்காகக் கிளஸ்டரைக் கையால் அமுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. நல்லபடியாகப் பால் இறங்கும் கலப்பின மாட்டுக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம் தாராளம். மூன்றாவது, வேக்குவத்தை அடைத்துவிட்டு, ஒரு நொடி பொறுத்து, கப் தானாகத் தளர்ந்த பிறகு எடுக்க வேண்டும். வேக்குவம் இருக்கும்போதே பிடுங்குவதால் வரும் சேதத்தை நான் பார்த்த அளவுக்கு வேறு எதிலும் பார்த்ததில்லை. கழற்றியதும் அயோடின் கரைசலில் காம்பை முக்கி எடுங்கள். துளை மூட அரை மணிக்கு மேல் ஆகும், அதுவரை மாடு படுக்காமல் இருக்கத் தீவனத்தைக் கறவைக்குப் பிறகு போடுங்கள். பால் இறங்கவில்லை என்று ஆக்ஸிடோசின் ஊசியைத் தொடாதீர்கள். உதைக்கிற, பாலை அடக்குகிற மாடு பயந்திருக்கும், வலியோடு இருக்கும், அல்லது கொட்டகையில் மின்கசிவு இருக்கும். நமக்கு உறைக்காத அளவு கரன்ட்டும் ஈரத் தரையில் நிற்கும் மாட்டுக்கு உறைக்கும். மோட்டாருக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

அடுத்தது திரும்பி வந்த பால். சொசைட்டியிலோ யூனியனிலோ மெத்திலீன் நீலச் சோதனை செய்வார்கள். நீலம் சேர்த்த பால் எவ்வளவு நேரத்தில் வெளுக்கிறது என்று பார்ப்பது அது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் நிறம் நின்றால் மிக நல்ல பால், அரை மணிக்குள் வெளுத்துவிட்டால் மோசம். கிருமி அதிகம் என்றால் பெரும்பாலும் அது மாட்டிலிருந்து வருவதில்லை, கழுவாத மெஷினிலிருந்து வருகிறது. நீங்கள் கழுவத்தான் கழுவுகிறீர்கள், எனக்குத் தெரியும். எந்தச் சூட்டில், எந்தத் தண்ணீரில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கறந்து முடித்த உடனே, பால் காய்வதற்குள், கைபொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில், 35 முதல் 40 டிகிரி சூட்டில், பால் வெண்மை போகும்வரை அலச வேண்டும். எடுத்த எடுப்பில் கொதிநீரை ஊற்றினால் பாலின் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கொழுப்பு உறைந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் 70 முதல் 75 டிகிரி சூட்டில் காரக் கழுவும் பொடி கலந்த தண்ணீர், எட்டு பத்து நிமிடம். மோட்டாரை ஓடவிட்டு, நான்கு கப்பையும் தண்ணீரில் முக்கி எடுத்து முக்கி எடுத்து உறிஞ்சவிடுங்கள். நடுவில் காற்று புகும்போது தண்ணீர் டியூபுக்குள் மோதிக்கொண்டு போகும், அந்த மோதலில்தான் அழுக்கு கழலும். தண்ணீர் 40, 45 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் வேலையை முடித்துக் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கழன்ற கொழுப்பு திரும்பப் படியும். டிசம்பர், ஜனவரி விடியலில் பெங்களூர்க் குளிரில் ஸ்டீல் கேன் ஐஸ் மாதிரி இருக்கும், ஊற்றிய நிமிடமே சூடு இறங்கிவிடும். வெயில் காலத்தில் வராத புளிப்பு குளிர்காலத்தில் வருகிறதே என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் பதில். ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு தெர்மாமீட்டர் கிடைக்கும், வாங்கித் தொங்கவிடுங்கள், கையால் தொட்டுச் சூடு பார்ப்பதை நிறுத்துங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் துணி சோப்பும் வேண்டாம், நுரை நிற்கும், வாசனை நிற்கும். கம்பிநாரும் வேண்டாம், அது போடும் கீறல்தான் கிருமிக்கு வீடு.

ஆனேக்கல் பக்கம் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். கீசரில் படியும் அதே வெள்ளை உப்பு மெஷினுக்குள்ளும் படிகிறது, பாலோடு சேர்ந்து மஞ்சளாக இறுகிப் பால்கல் ஆகிறது. காரப் பொடியால் இது போகாது, அமிலக் கழுவல் வேண்டும். நல்ல தண்ணீர் இருக்கும் இடத்தில் வாரம் ஒருமுறை போதும், நம் பக்கத்துத் தண்ணீருக்கு வாரம் இரண்டு முறையாவது செய்யுங்கள். பால் மெஷினுக்கென்று விற்கும் அமிலத்தையே வாங்குங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட் ஸ்டீலை அரித்துவிடும். இன்னொன்றை நன்றாக மனதில் வைத்து, அந்தப் பையனுக்கும் சொல்லிவையுங்கள்: அமிலத்தையும் பிளீச்சிங் திரவத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, ஒன்றின் பாத்திரத்தில் கழுவாமல் மற்றதை ஊற்றவும் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய கொட்டகையில் உயிருக்கே ஆபத்து.

மறுவேளை கறப்பதற்குச் சற்று முன் கிருமிநாசினி. 5 சதவீத ஹைப்போகுளோரைட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி போதும், 200 பிபிஎம் வரும். அதை ஓடவிட்டு முழுதாக வடித்துவிட்டுக் கறவையைத் தொடங்குங்கள். வாரம் ஒருமுறை கேன் மூடியின் கேஸ்கெட், கிளாவின் அடி ரப்பர், நீண்ட பால் டியூபின் இரண்டு முனைகள் இவற்றைக் கழற்றி மோந்து பாருங்கள். புளித்த வாடை அங்கேதான் முதலில் வரும். கறந்த பால் சொசைட்டிக்குப் போகும்வரை வெயிலில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் 4 டிகிரிக்குக் குளிர்விப்பதற்குள் கிருமி எத்தனை மடங்கு பெருகியது என்பதை அந்த ஒரு மணி நேரம்தான் தீர்மானிக்கிறது.

நோய் வந்த மூன்று மாடுகளுக்கு வருவோம். அவற்றைக் கடைசியாகக் கறக்க வேண்டும். முதலில் தலையீற்று மாடுகள், பிறகு நல்ல மாடுகள், கடைசியில் இவை. ஸ்டெஃபிலோகாக்கஸ் மாதிரிக் கிருமிகள் லைனரில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்துப் பல மாடுகளுக்குப் போகும், ஒரே கிளஸ்டர் வைத்திருக்கும் உங்களுக்கு இது இன்னும் முக்கியம். திரி வருகிற காம்பை மெஷினில் மாட்டாதீர்கள், கையால் தனிப் பாத்திரத்தில் கறந்து கொட்டுங்கள், தரையில் விடாதீர்கள். நான்கு காம்பின் பாலையும் தனித்தனிக் குழியில் பிடித்து, சமஅளவு சிஎம்டி (மடிநோய் கண்டுபிடிக்கும் சோதனை) கரைசல் விட்டுச் சுழற்றினால், நோய் உள்ள காம்பின் பால் கூழ் மாதிரி கட்டும். வெளியே வீக்கமோ திரியோ தெரியாத மறைவு நோயும் இதில் பிடிபடும். கரைசல் கிடைக்கவில்லையென்றால் துணி துவைக்கும் பவுடரை 3 சதவீதம் கரைத்தும் செய்யலாம். 14 மாடுகளுக்கும் ஒருமுறை செய்துவிடுங்கள். நோய் மூன்று மாட்டில் மட்டும் இருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. மறைவு நோய் இருந்தால் பால் குறையும், எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) இறங்கும், அதற்கேற்ப உங்கள் பில்லும் இறங்கும்.

ஊசி போட்டும் திரும்ப வருகிறதென்றால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பால் மாதிரியை வளர்த்துப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, விசாரியுங்கள். மருந்து போட்ட மாட்டின் பாலை, மருந்துப் பெட்டியில் போட்டிருக்கும் நாள் முடியும்வரை சொசைட்டிக்கும் ஊற்றக் கூடாது, வீட்டுக்கும் கூடாது. அந்தப் பாலை மெஷினில் கறந்தால் கேனிலும் டியூபிலும் தங்கி அடுத்த மாட்டின் பாலிலும் மருந்து கலக்கும்.

இந்த வாரத்தில் லைனர் நான்கையும், குட்டி டியூப்களையும், கேஜையும் மாற்றிவிடுங்கள். பல்சேட்டரைக் கருவி வைத்து அளந்து, அந்தத் தாளை வாங்கிவையுங்கள். நீலம் பாய்வதும் வளையத் தடமும் இரண்டொரு நாளில் குறைய வேண்டும், குறையவில்லையென்றால் வேக்குவத்தை மறுபடி பாருங்கள். நுனியில் தடித்த சொரசொரப்பு ஆற சில வாரம் பிடிக்கும், அதற்குள் சிஎம்டியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை செய்து நோட்டில் எழுதுங்கள். புதிய ரப்பர் மாட்டிய பிறகும் வலது பின் காம்பிலேயே நோய் வந்தால், கிளாவின் அந்தப் பக்கத்து நிப்பிளையும் கிளஸ்டர் எந்தப் பக்கம் இழுபட்டுத் தொங்குகிறது என்பதையும் படம் எடுத்து அனுப்புங்கள், பல்சேட்டர் தாளோடு சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.